விடியக்காலையில் இழுக்காத வான்

தை பிறந்து ஒரு கிழமை இருக்கும். விடிய ஐந்தரைக்கு வானை ஸ்டார்ட் பண்ணினால் நல்ல பிள்ளை மாதிரித் திறப்பை ஒருதரம் திருப்பவே பிடிக்கும். ஒழுங்கையால் போய்ப் பெரிய றோட்டில் ஏறினதோடு சரி. அக்சிலேற்றரை அடித்தகரம் தொடும்வரை அழுத்தினாலும் சத்தம் கூடுமே தவிர ஓட்டம் கூடாது. எங்கள் ஊரில் மலையா இருக்கிறது, மேடா இருக்கிறது? மதகுதான் எங்களுக்கு மலை. அந்த மதகில் ஏறவே என்ரை வான் மூச்சு வாங்கியது. ஒருநாள் தலையில் துவாய் சுற்றிய ஒரு கிழவர் சைக்கிளில் என்னை முந்தினார். முந்தினது பரவாயில்லை. திரும்பிப் பார்த்து, "என்ன தம்பி, ஆரையேன் தேடுறீரோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒன்பது மணியாகி வெயில் ஏறினால் அதே வான் கன்றுக்குட்டி மாதிரித் துள்ளும்.

முன் சீற்றுக்குக் கீழே எஞ்சின் இருக்கிற பழைய ஜப்பான் வான் அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்தது நாலு தேவாரமும் இந்த வானும்தான். மற்றக் காலமென்றால் மெல்லப் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்தத் தையில்தான் என் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். தகப்பன் இல்லாத பிள்ளை. நாள் வைத்த அன்று என்னிடம் வந்து, "மாமா, நீங்கள் எனக்கு நகை நட்டு ஒண்டும் தரவேண்டாம். மாப்பிள்ளையை உங்கடை வானிலை கூட்டிக்கொண்டு வாங்கோ, காணும்" என்றாள். மாப்பிள்ளை வீடு அரியாலை. கலியாணம் கீரிமலைப் பக்கம் ஒரு மண்டபத்தில். முகூர்த்தம் காலை ஏழு மணி இரண்டு நிமிடத்திலிருந்து ஏழு நாற்பத்தெட்டுக்குள். ஐயர் எழுதித் தந்த துண்டை வான் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தேன். ஒவ்வொரு விடியலும் அது என்னைப் பார்த்துச் சிரித்தது.

"வேறை வான் ஒண்டைப் பிடியுங்கோவன்" என்றாள் மனுசி.

"பிள்ளை கேட்டது என்ரை வானை."

"பிள்ளை கேட்டது மாப்பிள்ளையை. அவர் கலியாணத்துக்கு வாறாரோ, செத்தவீட்டு அந்திரட்டிக்கு வாறாரோ எண்டு பாருங்கோ."

மருதனார்மடத்தில் கராஜ் வைத்திருக்கிற மெக்கானிக் என் சிநேகிதன். வேதக்காரர். ஞாயிறு ஞாயிறு தேவாலயத்தில் பாடுகிற குரல் அவருக்கு. கிழமை நாட்களில் வானுக்குக் கீழே கிடந்தும் பாடுவார். பள்ளிக்கூட ஓட்டம் முடிந்து பத்து மணிக்கு நான் வானைக் கொண்டுபோய் விட்டால், அவர் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார்.

"ஐசே, வானுக்கு ஒண்டுமில்லை. உமக்குத்தான் ஏதோ."

மூன்று தரம் கொண்டு போனேன். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார். டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. சைலன்சர் அடைப்போ என்று பின்னால் கையை வைத்துப் பார்த்தார், காற்று நன்றாக வந்தது. மூன்றாம் தரம் அவருக்கே ரோசம் வந்துவிட்டது.

"காய்ச்சல் விட்டாப் பிறகு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு வந்தா டொக்டர் என்ன செய்யிறது? நாளைக்கு விடிய நானே வாறன். உது நித்திரையாலை எழும்பேக்கை பாக்கவேணும்."

நாளைக்கு என்றது கலியாணத்துக்கு முதல் நாள்.

சொன்னபடி ஆறு மணிக்கு முன்னமே வந்தார். காதைச் சுற்றி மப்ளர், கையில் ஸ்பானர். அன்று நல்ல குளிர். முற்றத்தில் பனி புகைபோல நின்றது. வானைப் பெரிய றோட்டில் ஏற்றி, திருப்பி ஒழுங்கைக்குக் கொண்டுவரச் சொன்னார். அது வழக்கம்போல முனகிக்கொண்டு போய் வந்தது. நிற்பாட்டச் சொல்லி, சீற்றைத் தூக்கி, ஃபில்டரைக் கழற்றி டோர்ச்சை அடித்தார். பாட்டு நின்றுவிட்டது.

"இஞ்சை வாரும்."

உள்ளே வெள்ளையாக, கட்டியாக, நெய்ச்சாடியின் அடிபோல ஒன்று அப்பிக் கிடந்தது. விரலால் தோண்டி முதலில் தான் மணந்தார். பிறகு என் மூக்குக்குக் கிட்டக் கொண்டு வந்தார்.

"என்ன மணக்குது?"

நான் மணந்துவிட்டு ஒரு அடி பின்னுக்கு வந்தேன்.

"ஐசே, உது தேங்காயெண்ணெய்! குளிருக்கு உறைஞ்சு நிக்குது. டீசல் எப்பிடிப் போகும்? வெயில் ஏற இளகி ஓடீடும். நான் பாக்கேக்கை ஒரு சாட்சியும் இல்லை. ஆர் இந்த வேலை செய்தது?"

இதை நான் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பிள்ளையார் கோயிலில் விளக்குப் பார்க்கிறது நான். சனம் கொண்டு வருகிற தேங்காயெண்ணெயில் எரிந்தது போக அடியில் கொஞ்சம் தங்கும். சுவாமிக்கு ஏற்றின எண்ணெய். வீட்டில் பொரிக்க ஏலாது, மண்ணில் ஊற்ற மனம் வராது. சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டச்சைக்கிள் ஓடின ஊர்தானே இது, எஞ்சின் எதையும் குடிக்கும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். புரட்டாசியிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி, பழைய வேட்டித் துண்டால் வடித்து, திருநீறு பூசிக்கொண்டு, ஒவ்வொரு போத்தலாக வானுக்கு விட்டேன். குளிர் தொடங்கும் வரை அது குறையில்லாமல் ஓடியது. பிள்ளையாரே இழுக்கிறார் என்று நினைத்துக் கூடுதலாகவும் விட்டேன். பிழை என்று ஒரு நாளும் தோன்றவில்லை, அதனால்தான் ஒருவருக்கும் சொல்லவுமில்லை.

சொல்லி முடித்தேன். மெக்கானிக் ஒழுங்கையில் குந்தி இருந்துவிட்டார். ஏதோ ஆகிவிட்டது என்று மனுசி ஓடி வந்தாள். மனுசன் சிரிக்கிறார். சத்தமில்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட.

"வானுக்குப் பிரசாதம் குடுத்திருக்கிறான் அக்கா, உங்கடை மனுசன்!"

மனுசிக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கினதும் மதிலில் சாய்ந்துகொண்டு அவளும் தொடங்கினாள். எனக்கு முதலில் கோபம், பிறகு வெட்கம், பிறகு என்னாலும் ஏலவில்லை. மூன்று பேரும் நின்று சிரித்ததில் முன்வீட்டு நாயே குரைக்கத் தொடங்கிவிட்டது.

தொட்டியைக் கழற்றிக் கழுவ இரண்டு நாள் வேண்டும், கலியாணமோ நாளைக்கு. வெயில் ஏறினதும் இருந்த டீசலை வடித்தார், புது ஃபில்டர் போட்டார், புது டீசல் விட்டார். "தொட்டியடியிலை ஒட்டிக் கிடக்கிறது சும்மா இராது, ஃபில்டருக்கு வரும். வெளியாலை கொதிதண்ணி ஊத்தினா இளகும். நாளைக்கு நானும் வாறன். உம்மையும் உந்த வானையும் தனிய விடேலாது" என்றார்.

கலியாண விடியல் அதைவிடக் குளிர். அரியாலையில் மாப்பிள்ளைக்குத் தலையில் பாலும் அறுகும் வைத்து, தலைப்பாகை கட்டி, ஆறே காலுக்கு முன் சீற்றில் ஏற்றினார்கள். பின்னால் தாய், தகப்பன், தட்டங்களோடு ஒரு மாமி. கடைசிச் சீற்றில் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட எங்கள் மெக்கானிக், மடியில் ஸ்பானர். யாழ்ப்பாணம் தாண்டும் வரை வான் பறந்தது. நான் சிவபுராணம் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். மருதனார்மடம் கிட்ட வர, காலுக்குக் கீழே எனக்குத் தெரிந்த அந்தச் சோர்வு வந்தது. சந்தியில் வைத்து வான் முக்கி முனகி நின்றேவிட்டது. மணி ஆறு ஐம்பது.

"எல்லாரும் இருங்கோ. மாப்பிள்ளை மட்டும் இறங்கவேணும்" என்றார் மெக்கானிக்.

"மாப்பிள்ளை ஏன் இறங்கவேணும்?" என்று மாமி பாய்ந்தா.

"எஞ்சின் அவருக்குக் கீழை இருக்குது, அம்மா."

பட்டு வேட்டியும் தலைப்பாகையும் மாலையுமாக மாப்பிள்ளை நடுச்சந்தியில் நின்றார். சந்தைக்கு மரக்கறி கொண்டு வந்த சனம் கூடிவிட்டது. "மாப்பிள்ளை ஓடப்போறார், பிடியுங்கோ!" என்று வெங்காயக் கடகத்தோடு ஒரு மனுசி கத்தினா. "ஓடினா வானைவிடக் கெதியாப் போவார்" என்றான் இன்னொருவன். கொதிதண்ணி வாங்க நான் தேத்தண்ணிக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் விசயத்தைக் கேட்டுவிட்டுக் கேத்திலோடே தூக்கித் தந்தார். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சியின் போன்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

"மருதனார்மடம் தாண்டீட்டம்."

அதே சந்தியில், ஆஞ்சநேயர் கோயிலுக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்ன பொய். கேத்திலைக் கீழே வைக்காமலே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மெக்கானிக் கொதிதண்ணீரை மெல்ல மெல்ல ஃபில்டரின் வெளிப்பக்கத்தில் ஊற்றினார். ஆவி எழும்பி, அந்த இடமே பலகாரம் சுடுகிற அடுப்படி மாதிரி மணத்தது. இனிக் கைப்பம்பை அமத்தி டீசலை மேலே இழுக்க வேண்டும். ஊற்றுகிறது அவர், ஸ்டார்ட் பண்ணுகிறது நான், அமத்துவது யார்?

"நான் அமத்திறன் மாமா" என்றார் மாப்பிள்ளை. நான் வேண்டாம் என்று சொல்லி முடிக்கவில்லை, மனுசன் மாலையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் குனிந்து பெருவிரலால் அமத்தத் தொடங்கிவிட்டார். சந்தைச் சனம் எண்ணியது. "ஒண்டு! ரெண்டு! மூண்டு!" இருபத்திரண்டில் நான் திறப்பைத் திருப்பினேன். வான் ஒரு குலுக்குக் குலுக்கி உறுமியது. முழுச் சந்தையும் கை தட்டியது. தட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்த மாமியும் தட்டினா, அதில் இரண்டு வாழைப்பழம் றோட்டில் உருண்டது.

ஏழு இருபத்தைந்துக்கு மண்டப வாசலில் நிற்பாட்டினேன். மாப்பிள்ளையை நடத்திக்கொண்டு ஓடாத குறை. எஞ்சின் கரியிலிருந்து வேட்டி தப்பிவிட்டது. விரல் தப்பவில்லை. துடைக்க நேரமும் இல்லை, ஐயர் நெருப்பு வளர்த்துக்கொண்டு காத்திருந்தார். ஏழு நாற்பத்தொன்றுக்குக் கெட்டிமேளம் கொட்ட, கன்னங்கரேல் என்ற அந்தப் பெருவிரலோடு அவர் தாலியைக் கட்டினார். அது கழுத்துக்குக் கிட்ட வரத்தான் மருமகள் கண்டாள். விரலைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு சனத்துக்குள் தேடி என்னைப் பார்த்தாள். குனிந்த தலையோடு அவள் தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கியது.

"பாவம், தேப்பனை நினைச்சு அழுகுது பிள்ளை" என்று பக்கத்தில் நின்ற ஒரு கிழவி கண்ணைத் துடைத்தா.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். அறுகரிசியை அள்ளி அவள் தலையைப் பார்த்து எறிந்தேன். எறிந்த வேகத்தில் பாதி ஐயருக்குப் போய் விழுந்தது.