செத்தவன் மார்பில் வைத்த உப்பு

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இது நடந்தது. மார்சாலி தன் வாயால் சொல்ல, நான் என் காதால் கேட்டேன். இதில் என் சொந்தச் சரக்கு ஒன்றுமில்லை.

வட கரோலினாவில், கேப் ஃபியர் ஆற்றுக்கு மேற்கே, ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து வந்த எங்கள் ஜனங்கள் காடு வெட்டிக் குடியேறியிருந்தார்கள். ராஜாவுக்கு விசுவாசமாக இருப்போம் என்று கத்திமேல் கைவைத்துச் சத்தியம் செய்தவர்கள். பிறகு ராஜாவை எதிர்த்து விடுதலைச் சண்டை வந்தது. ராஜாவின் பட்டாளம் கடற்கரைப் பக்கம் பின்வாங்கியதும், ராஜா வேண்டாம் என்ற கூட்டம் வீடு வீடாக ஏறியது. சத்தியத்தைக் கைவிடு, இல்லாவிட்டால் நிலத்தை விடு என்றது. மார்சாலியின் புருஷன் டூகல் சத்தியத்தைக் கைவிட்டான். அவள் அண்ணன் லாக்லன் மாட்டேன் என்று சதுப்புக் காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டான். அவன் இருந்த இடம் அவன் மனைவி ஊனாவுக்கும் மார்சாலிக்கும் டூகலுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆனாலும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஹார்பினும் அவன் தம்பியும் நேராக அங்கேதான் போனார்கள். லாக்லனைச் சுடவில்லை. ஓடைக்கரை மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். தண்ணீர் கண்ணெதிரே ஓடியது, வாய்க்கு எட்டவில்லை. சில நாள் கழித்து ஊனா போய்ப் பார்த்தபோது செத்துக் கிடந்தான், உதடு வெடித்து, நாக்கு கருத்து... பாவிகள்! சுட்டுத் தொலைத்திருக்கலாம்.

எங்களில் ஒருவர் செத்தால், அடக்கம் வரைக்கும் மார்பில் ஒரு தட்டு உப்பு வைப்போம். பிறகு அதைக் குழியில் கொட்டிவிடுவோம். யாரும் வாயில் வைக்க மாட்டோம். ஆனால் அந்த வருஷம் உப்புக்கு அப்படியொரு பஞ்சம். இறைச்சிக்கு உப்புப் போட்டுப் புகையூட்டும் வீட்டின் தரை மண்ணைச் சுரண்டிக் கொதிக்கவைத்துக்கூட உப்பு எடுத்தார்கள். டூகல் வீட்டிலோ வெட்டிய பன்றி உப்பில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

சவப்பெட்டியை மூடும்போது மார்சாலி பார்த்தாள். தட்டு காலி.

"உப்பு எங்கங்க?"

"குழியில கொட்டிட்டேன்," என்றான் டூகல்.

குழியை அப்போது தோண்டி முடிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தால், பீப்பாயில் ஒரு பெரிய துண்டு இறைச்சி உப்புத் தடவிக் கிடந்தது. ஏது உப்பு என்று கேட்டதற்கு, "வழியில ஒருத்தன் குடுத்தான். சும்மா தொணதொணக்காத," என்று எரிந்து விழுந்தான். அண்ணன் போன துக்கத்தில் அவளுக்கு இறைச்சி இறங்கவில்லை. ஊறிய பிறகு டூகல் மட்டும் வெட்டி வறுத்துத் தின்றான். எலும்பை நாய்க்குப் போட்டான். நாய் முகர்ந்து பார்த்தது. பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வேலிக்கு அப்பால் போய் நின்றுகொண்டது.

அன்று அந்தி. டூகல் ஒரு குடுவை தண்ணீர் குடித்தான். இன்னொன்று குடித்தான். பிறகு வாளியையே தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டான்.

"இன்னும் கொண்டா. தொண்டை எரியுது."

"இருந்ததே அவ்வளவுதாங்க."

அவள் வாளியை எடுத்தாள். அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம்.

ச்சப்... ச்சப்...

காய்ந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம். அவள் காதுக்கு நேராக.

"நாயா இருக்கும்," என்றான் டூகல்.

நாய் இன்னும் வேலிக்கு அப்பால்தான் ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

சத்தம் வீட்டைச் சுற்றி வந்தது. கூடவே சங்கிலி தரையில் இழுபட்டது. சர்ர்ர்... ச்சப். சர்ர்ர்... ச்சப்.

கதவுக்கு முன்னால் நின்றது.

"தங்கச்சி... கொஞ்சம் தண்ணி..."

லாக்லன்!

செத்துப் புதைத்தவன். ஆனால் அண்ணன் குரலாயிற்றே. மார்சாலி வாளியோடு கதவிடம் போனாள்.

"தொறக்காதடி!" டூகல் மூலையில் சுருண்டுகொண்டு கத்தினான். "நான் எடத்த மட்டுந்தான் சொன்னேன்! கட்டிப்போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது! சத்தியமாத் தெரியாது!"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"நீங்களா சொன்னீங்க?"

"நெலம் போயிருக்கும், மார்சாலி... நம்ம நெலம்..."

அவள் தாழ்ப்பாளைத் தூக்கினாள்.

கதவு திறந்தது.

யாரும் இல்லை.

டூகல் எழுந்தான். அவனாக எழவில்லை, யாரோ கையைப் பிடித்துத் தூக்கியதுபோல எழுந்தான். அவளைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ஓடைப்பக்கம் நடந்தான்.

"புடிடீ... என்னைப் புடி..."

அவள் பிடிக்கவில்லை.

ச்சப்...

ச்சப்...

பிறகு அதுவும் இல்லை.

விடிந்ததும் ஓடையில் கிடைத்தான். முழங்கால் அளவுத் தண்ணீரில் குப்புறக் கிடந்தான். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வாய்க்குள் மட்டும் பொட்டு ஈரம் இல்லை. உதடு வெடித்து, நாக்கு கருத்து...

அவனைப் புதைத்த பிறகு மார்சாலி எல்லாவற்றையும் ஊனாவிடம் சொன்னாள். டூகல் உப்பைத் திருடியதையும் சொன்னாள். ஊனா அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"என்னடி சொல்ற? உப்புக்கு நான் எங்க போவேன்? தட்டு காலியா இருக்கக் கூடாதேன்னு ஓடை மணலைத்தான் அள்ளி வெச்சேன்."

"நெசமாவா அண்ணி?"

"உங்க அண்ணன் மேல ஆணை."

மார்சாலி வீட்டுக்கு வந்து பீப்பாயைத் திறந்தாள். மிச்ச இறைச்சியில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தாள்.

உப்புக் கரித்தது.

உடனே துப்பினாள். பிறகு இறைச்சியை வெளியே எடுத்து, சுத்தமான துணியில் சுற்றிக்கொண்டு, ஹார்பின் வீட்டுக்கு நடந்தாள். அண்ணனும் தம்பியும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன, ராஜா ஆளோட தங்கச்சிக்கு இப்பதான் புத்தி வந்துச்சா?" என்று சிரித்தான் ஹார்பின்.

"ஒத்தைப் பொம்பளைக்கு இவ்வளவு எதுக்குங்க? வீணாப் போயிடும். நீங்க சாப்பிடுங்க."

இந்த உப்புப் பஞ்சத்தில் யார்தான் வேண்டாம் என்பார்கள்? தம்பி உள்ளே போய் வறுத்துக்கொண்டு வந்தான். இருவரும் தின்றார்கள். அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹார்பின் விரலை நக்கினான். முகத்தைச் சுளித்தான். தொண்டையைத் தடவிக்கொண்டான்.

"டேய் தம்பி... கொஞ்சம் தண்ணி கொண்டாடா."