டேப்பட் சத்தத்துக்கு ஒரு பஞ்சாயத்து

பஸ் டெப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆரம்பாக்கத்தில் ஒரு ஷெட் போட்டேன். ஏரிப் படகுகளின் டீசல் எஞ்சின் பாதி, சுற்று வட்டாரத்தில் மிச்சமிருக்கும் பழைய கார்கள் பாதி என்று வேலை வரும். வண்டியில் சத்தம் என்று வராதவர்கள் குறைவு. ஆனால் சத்தம் இருக்கிறதா இல்லையா என்பதற்கே சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள் கமால் பாயும் அவர் மனைவி சபுரா அக்காவும் மட்டும்தான்.

பாய் பழவேற்காட்டில் நண்டு மொத்த வியாபாரம் செய்பவர். அவருடைய அம்பாசிடர் அவர் வாப்பா வாங்கியது. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அதில்தான் போவார். நடந்தால் அதைவிடச் சீக்கிரம் போய்விடலாம்.

வண்டியை நிறுத்தியதும் அக்காதான் முதலில் இறங்கினார்.

"கோழி தட்டுல கொத்தற மாதிரி ஒரு சத்தம். நோன்புப் பெருநாள்லேர்ந்து சொல்றேன். இவரு காதுலயே வாங்கறதில்ல. நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

"ஒரு சத்தமும் இல்ல தனபாலு" என்றார் பாய். "வண்டிய விக்கணும்னு இவளுக்கு ஆசை. அவ தம்பி கும்மிடிப்பூண்டியில ஆள் பாத்து வெச்சிருக்கான். அதுக்குத்தான் இந்தக் கோழி கதை."

எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிக், டிக், டிக் என்று சுத்தமாகக் கேட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடவே வேகம் பிடித்தது.

"டேப்பட் சத்தம் பாய்."

"நீயும் அவ கட்சியா?"

இருவரும் ஒரு முடிவோடு வந்திருந்தார்கள். சத்தம் இருந்து, அது நிற்காவிட்டால் வண்டியை விற்றுவிட வேண்டும். சத்தமே இல்லை என்று நான் சொல்லிவிட்டால் அக்கா அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. நடுவில் நான்.

முதல் சுற்று

ராக்கர் ஆர்ம் என்பது வால்வைத் தட்டித் திறக்கிற சின்ன இரும்புக் கை. அதற்கும் வால்வுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட வேண்டும். அது கூடினால் டிக் டிக்; அதைத்தான் டேப்பட் சத்தம் என்போம். கவரைக் கழற்றி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டைச் சொருகி, எல்லா இடைவெளியையும் சரியாக வைத்து மூடினேன். சத்தம் துளிகூடக் குறையவில்லை.

"அப்படியேதான் இருக்கு" என்றார் அக்கா.

"முன்னாடியும் இல்ல, இப்பவும் இல்ல" என்றார் பாய்.

ஒரே வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, இரண்டு பேரும் சத்தியம் செய்கிற முகத்தோடு சொன்னார்கள். எனக்கு என் காதின் மேலேயே சந்தேகம் வந்தது.

ஸ்க்ரூடிரைவர்

நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்தினால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். மூன்றாவது சிலிண்டர் பக்கம் பலமாகத் தட்டியது.

"இன்னா, டாக்டர் வேலையும் பாக்கறியா?" என்று பாய் சிரித்தார்.

"நீங்களே கேளுங்க பாய்."

பிடியை அவர் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினேன். அவர் சிரிப்பு நின்றது. ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார்.

"இத வெச்சா தட்டுது. எடுத்தா நின்னுடுது. நீ எதுனா பண்றியா?"

"நான் ஒண்ணும் பண்ணல பாய்."

"உனக்கு இது இல்லாமலே கேக்குதா?"

"கேக்குது."

அவர் அக்காவைப் பார்த்துவிட்டு மறுபடி எஞ்சின் பக்கம் குனிந்தார். அக்கா முகத்திலிருந்த கோபம் மெதுவாக இறங்கியது. வழக்கத்தைவிடக் குரலைத் தாழ்த்தி, "என்னங்க" என்றார். ஓடும் எஞ்சினுக்கு அந்தப் பக்கம் நின்ற எனக்கே அது கேட்டது. பாய் திரும்பவில்லை.

நான் எஞ்சினை அணைத்தேன்.

"கூப்டா திரும்ப மாட்டாரு, கேட்டா பதில் வராது. நான் பேசறது புடிக்கலன்னு நெனச்சிருந்தேன் தம்பி" என்றார் அக்கா. இந்தத் தடவை சத்தமாகவே சொன்னார். பாய் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "எனக்கு உன் பேச்சு புடிக்காதுன்னு யாரு சொன்னா?" என்றார்.

வண்டிக்கு இன்னா ஆச்சு என்று கேட்பீர்கள். அந்த மூன்றாவது சிலிண்டர் ராக்கரின் மூக்கு, அதாவது வால்வைத் தட்டும் முனை, தேய்ந்து குழி விழுந்திருந்தது. என் தகடு பள்ளத்தின் மேல் போட்ட பலகை மாதிரி குழியின் மேலே நின்றுவிட்டது. அதனால் கேஜில் அளவு சரியாக வந்தது, உள்ளே இடைவெளி அதிகமாகவே இருந்தது. சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் தேடி நல்ல ராக்கர் ஒன்றை வாங்கிப் போட்டேன். சத்தம் நின்றது.

பாயைப் பார்த்த காது டாக்டர், உள்ளே இருக்கும் குட்டி எலும்பு ஒன்று இறுகிவிட்டது என்று சொல்லி காதில் மாட்டும் மெஷின் கொடுத்தாராம். "காதுக்குள்ளயும் ராக்கர் மாதிரி ஒண்ணு கீதாம்பா" என்று பாய் போனில் சொன்னார்.

அடுத்த வாரமே வண்டியோடு வந்து நின்றார். "தனபாலு, புதுசா ஒரு டக் டக். வளைவுல மட்டும் வருது."

கூடவே உட்கார்ந்து ஒரு சுற்று போனேன். அது இண்டிகேட்டர் சத்தம். வண்டி வாங்கிய நாளிலிருந்து இருப்பதுதான். சொன்னதும் பாய், திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டியும் அதை அணைக்காமல், கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். அளவு சரியாக இருந்தும் சத்தம் நிற்கவில்லை என்றால், கேஜை நம்பாதே, ராக்கரைக் கழற்றிப் பார். ஒருத்தருக்குக் கேட்பது இன்னொருத்தருக்குக் கேட்கவில்லை என்றால், யார் பொய் சொல்கிறார் என்று மட்டும் தேடாதே.