வாய்க்காரி தூக்கிய பிள்ளை

என்னைப் பற்றி ஊருக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான். வாய்க்காரி. யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொன்னார்கள். மெல்பேர்னுக்கு வந்த பிறகும் அதையேதான் சொன்னார்கள். கப்பலில் போட்ட சாமான்களில் பாதி உடைந்துபோயிற்று, இந்தப் பெயர் மட்டும் கீறல் விழாமல் வந்து சேர்ந்தது. கடையில் அழுகல் மாம்பழத்தை என் தலையில் கட்டினால் திரும்பிப் போய்க் கேட்பேன். வரிசையில் யாராவது இடையில் புகுந்தாலும் கேட்பேன். அந்த நேரத்தில் என் கணவர் வேறு யாரோ குடும்பத்து மனிதரைப் போலப் பால் போத்தல்களை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார். மகள் என் பின்னாலேயே வந்து, “சொரி, சொரி” என்று எனக்காக மன்னிப்புக் கேட்பாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

இப்படிப்பட்ட என்னிடம், ஒரு பெண்பிள்ளையின் குணத்தையே ஒப்படைக்க இரண்டு பேர் வந்தார்கள்.

வந்த இருவரில் மனைவியும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தோம். மெல்பேர்னின் மேற்கு ஓரத்து ட்ருகனினாவில் எங்கள் தெரு அப்போது புதிது. நாட்டி வைத்த மரங்களைவிட அவற்றைத் தாங்கிய கம்புகள் உயரமாக இருந்தன. எங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் அவளும் கணவரும் குடியிருந்தார்கள். ஆபிரிக்காவா என்று கேட்டால் கானா என்பாள். கானாவா என்று கேட்டால் கா என்பாள். அக்ராவை ஒட்டிய கடற்கரை ஊர்களில் வாழும் கா-அடாங்பே சனம். இலங்கையா என்று கேட்டால் தமிழ் என்றும், தமிழா என்று கேட்டால் யாழ்ப்பாணம் என்றும், யாழ்ப்பாணமா என்று கேட்டால் இன்ன கோயிலடி என்றும் சொல்லிப் பழகிய எனக்கு இது விளங்காமல் போகுமா?

வருடத்தில் ஒருமுறை அவித்த சோளமாவும் எண்ணெய்ப்பனைப் பழத்தில் காய்ச்சிய மீன்குழம்பும் கொண்டுவந்து தருவாள். அவர்களுடைய முன்னோர்கள் கிழக்கேயிருந்து நடந்து வந்த காலத்தில் பெரிய பட்டினி வந்ததாம். பிறகு சோளம் விளைந்து வயிறு நிறைந்ததும், எல்லோரும் கூடிப் பசியைப் பார்த்துக் கூக்காட்டிச் சிரித்தார்களாம். அதுவே திருவிழாவாகிவிட்டது. எங்கள் ஆட்கள் பசி வந்தால் விரதம் என்று பெயர் வைப்பார்கள். இவர்கள் பசியோடேயே வாய்ச்சண்டை பிடித்திருக்கிறார்கள். அந்தக் கதையைக் கேட்ட அன்றே எனக்கு அந்தச் சனத்தைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் அவளுக்கு மட்டும் வாய் கிடையாது. இல்லத்தில் ஞாயிறு வேலை முழுவதையும் அவள் தலையில் போட்டபோது, அதைப் போட்ட பெண்ணுக்கே “தாங்க் யூ” சொல்லிவிட்டு வந்தவள் அவள். நான்தான் உள்ளே போய்க் கத்தி அதை மாற்றினேன்.

அவளுக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் பின்னேரம் புருஷனும் பெண்சாதியும் பிள்ளையை அவளுடைய சிநேகிதி ஒருத்தியிடம் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர் கையில் ஒரு சாராயப் போத்தல். ஒரு காரியம் கேட்கப் போனால் போத்தலோடுதான் போகவேண்டுமாம், அது அவர்களுடைய முறை. என் கணவர் அந்த முறையை மிகவும் மெச்சினார். போத்தலைப் பத்திரப்படுத்தும் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார்.

கேட்க வந்த காரியம் இது. கா வழக்கப்படி, பிறந்த பிள்ளை ஏழு நாளுக்கு வந்துபோகிற விருந்தாளிதான். இருப்பதா போவதா என்று அது இன்னும் தீர்மானிக்கவில்லை. எட்டாம் நாள் விடியற்காலையில் அதை முதல்முறையாக வெளியே கொண்டுவந்து, வானத்துக்குக் காட்டி, வெறும் மண்ணில் கிடத்தி, கூரையில் தண்ணீர் ஊற்றி மழைபோல அதன்மேல் விழச்செய்து, பெயர் சொல்லவேண்டும். அதன் பிறகுதான் அது குடும்பத்துப் பிள்ளை. தூக்கிக்கொண்டு வருவது தகப்பன் பக்கத்து மூத்த பெண்ணாக இருக்கவேண்டும். தகப்பனின் தமக்கை அக்ராவில் பெட்டி கட்டி வைத்துக் காத்திருந்தாராம், விசா கிடைக்கவில்லை.

“நீங்கள்தான் எங்களுக்குத் தமக்கை மாதிரி, அன்ரி,” என்றார் அவர். மூத்தவளை அன்ரி என்பதில் அவர்களும் எங்களைப்போலத்தான். பேசியது ஆங்கிலத்தில், நான் எனக்கு வந்தபடி எழுதுகிறேன்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் மிச்சத்தைச் சொன்னார். “தூக்கிறவவின்ர குணம் பிள்ளைக்கு அப்பிடியே ஒட்டும். அதாலதான் ஆரைக் கேக்கிறதெண்டு நாங்கள் நல்லா யோசிச்சனாங்கள்.”

என் கணவருக்குப் புரைக்கேறியது. தேத்தண்ணி மூக்கால் வந்தது.

அவர்கள் போனதும் என் கணவர் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தார். “இஞ்ச பாரும். அதுகள் பாவம், புது ஆக்கள். உம்மைப் பற்றி ஒருக்கா விளக்கமாச் சொல்லிவிடுவமோ?”

“என்ன விளக்கம்?”

“இப்ப கேட்டீர் பாரும் ஒரு கேள்வி, அந்தத் தொனியைப் பற்றித்தான்.”

மகள் கதவில் சாய்ந்துகொண்டு, “அம்மா, ஆர் யூ சீரியஸ்? புவர் பேபி!” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் அது பயம். உண்மையிலேயே என் குணம் அந்தப் பிஞ்சுக்கு ஒட்டிவிட்டால்? அதுவும் போகிற இடமெல்லாம் சண்டைக்காரி என்ற பெயரை வாங்கி, புருஷன் பால் போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்க, பெற்ற பிள்ளையே ‘சொரி’ சொல்லிக்கொண்டு பின்னால் திரிய வேண்டுமா? முடியாது என்று போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஆளில்லை. ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன். எட்டாம் நாள் வரை நல்லவளாக இருப்பது. என் குணத்தைத் துவைத்து, காயப்போட்டு, மடித்துக்கொண்டு போவது.

அந்தக் கிழமை நான் பட்ட பாடு! த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். வெளியே வந்தால் எங்கள் காருக்குப் பின்னால் ஒருவர் தன் காரை வழி மறித்து நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். குளிரில் நின்றோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஆறுதலாக வந்தபோது நான் சிரித்து, “பரவாயில்லை, நல்லாச் சாப்பிட்டீங்களோ?” என்று கேட்டேன். அவர் பயந்துபோனார், என்னை அவருக்கு ஏற்கெனவே தெரியும். டெலிபோன் கொம்பனிக்காரன் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காத்திருக்க வைத்தான். அவனிடமும் அன்பாகத்தான் பேசினேன்.

அந்த ஞாயிறு விடிய ஜன்னலால் பார்க்கிறேன். எதிரே, அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டு மனிதர் ஹோஸ் பிடித்துத் தன் காரைக் கழுவுகிறார். மழையே இல்லாத வருடங்கள் அவை. ஹோஸால் கார் கழுவக்கூடாது என்று சட்டம். எங்கள் வீட்டில் அரிசி கழுவிய தண்ணீர்தான் கறிவேப்பிலைக்குப் போகும். தெருவெல்லாம் வெள்ளம் ஓட அந்த மனிதர் விசிலடிக்கிறார். நான் திரைச்சீலையை மூடிவிட்டுக் குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டினேன். தேவைக்கு அதிகமாகவே வெட்டினேன்.

“டொக்டரிட்ட ஒருக்காப் போவமோ?” என்று கேட்டார் என் கணவர்.

எட்டாம் நாள் வந்தது. ஜூலை மாதத்து விடியல், மூச்சு விட்டால் புகை வரும் குளிர். நான் சேலை உடுத்து, அதற்கு மேல் கணவரின் பெரிய ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அவரோடும் மகளோடும் போனேன். பின்வளவில் ஒரு ஸ்டூலில் டெலிபோனை ஸ்பீக்கரில் வைத்திருந்தார்கள். அதற்குள் அக்ராவிலிருந்து தமக்கை. அங்கே இன்னும் முந்தின நாள் இரவு. பிரார்த்தனையை அவர்தான் சொன்னார். அவர் ஒவ்வொரு வரியை முடிக்கும்போதும் நாங்கள் எல்லோரும் “ஹியாவ்” என்று சொல்லவேண்டும், அப்படியே ஆகட்டும் என்று அர்த்தமாம். தகப்பன் சாராயத்தை மண்ணில் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். அதைப் பார்க்க என் கணவருக்கு முகம் வாடியது. அந்தக் கவலையோ என்னவோ, முதல் வரிக்கு எல்லோரும் “ஹியாவ்” என்றபோது இவர் “அரோகரா” என்றார். டெலிபோன் ஒரு கணம் நின்றது. பிறகு அதுவும் நல்லதுதான் என்பதுபோலத் தொடர்ந்தது.

பிள்ளையை என் கையில் தந்தார்கள். நான் மூன்று முறை வானத்துக்குத் தூக்கிக் காட்டினேன். பிறகு துணியை விலக்கி மண்ணில் கிடத்தினேன். தகப்பன் ஏணியில் நின்று கூரையில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினார்.

ஒரு சொட்டும் விழவில்லை.

இன்னொரு கோப்பை ஊற்றினார். அதுவும் விழவில்லை. அக்ராவில் கூரைத் தண்ணீர் நேரே முற்றத்துக்கு விழும். ஆஸ்திரேலியாவில் கூரைக்குக் கீழே பீலி இருக்கிறது. ஊற்றியதெல்லாம் பீலிக்குள் விழுந்து குழாய் வழியாக எங்கோ போய்க்கொண்டிருந்தது. நான் பிள்ளையை அள்ளித் துணிக்குள் சுற்றிக்கொண்டேன். என் கணவர் எஞ்சினியர். அவர் மேலே பார்த்து, “பீலியை நிரப்பினால் வழியும்,” என்று அபிப்பிராயம் சொன்னார். தகப்பன் வாளி கேட்டார். வாளி வாளியாக ஊற்றியும் பீலி நிரம்பக் காணோம். டெலிபோனுக்குள்ளிருந்து தமக்கை, என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். கடைசியில் தோட்டத்து மூலையில் இருந்த தகரக் கொட்டிலை என் கணவர்தான் காட்டினார். அதற்குப் பீலி இல்லை.

எல்லோரும் கொட்டிலடிக்கு நகர்ந்தோம். வேலிக்கு மேலால் ஒரு தலை எழுந்தது. கார் கழுவிய அதே மனிதர், இரவு உடுப்போடு.

“தண்ணிக் கட்டுப்பாடு தெரியாதோ? வாளி வாளியா ஊத்திறியள். கவுன்சிலுக்குப் போன் அடிச்சுச் சொல்லப்போறன். உங்கட ஆக்களுக்கு எத்தினை தரம் சொன்னாலும் விளங்காது.”

தகப்பன் ஏணியில் நின்றபடி, “மன்னிக்கவும் ஐயா,” என்றார். அவள் இரண்டு கையையும் கூப்பாத குறையாக, “ஞாபகப்படுத்தினதுக்குத் தாங்க் யூ,” என்றாள்.

தாங்க் யூவாம்!

அதற்குப் பிறகு நடந்தது என் கட்டுப்பாட்டில் இல்லை. “எட போடா!” என்றுதான் தொடங்கினேன். ஒரு கிழமையாக அடக்கி வைத்ததெல்லாம், கோயில் கார்க்காரன், டெலிபோன் பாட்டு, வெங்காயம், எல்லாம் சேர்ந்து வந்தது. “ஞாயிற்றுக்கிழமை விடிய நீ ஹோஸ் பிடிச்சுக் கார் கழுவேக்க கவுன்சில் நித்திரையோ? உன்ர காருக்கு வெள்ளம், இந்தப் பிள்ளைக்கு ஒரு கோப்பை தண்ணி கூடாதோ? அடி, இப்பவே அடி கவுன்சிலுக்கு! நானும் கதைக்கவேணும்! உங்கட ஆக்கள் எண்டால் ஆரடா? இது இந்தத் தெருப் பிள்ளை!” பாதி ஆங்கிலம், பாதி யாழ்ப்பாணம். எந்தப் பாதி எங்கே போயிற்றோ தெரியாது, அந்த மனிதருக்கு முழுவதும் விளங்கியது. தலை வேலிக்குக் கீழே இறங்கிவிட்டது. கதவு அடிபட்ட சத்தம் கேட்டது.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். பிள்ளை என் கையில் இருந்தது. கண்ணை அகல விழித்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

போச்சு. எல்லாம் போச்சு. ஒரு கிழமை தவம் கிடந்து, தூக்கி வைத்திருந்த அந்த நேரத்திலேயே முழுதையும் ஊற்றிவிட்டேனே. எனக்கு அழுகை வந்துவிட்டது. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ, வேற ஆரையும் கேளுங்கோ, நான் பழுதாக்கிப்போட்டன்,” என்று பிள்ளையைத் தாயிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை வாயைத் திறந்து ஒரு கத்துக் கத்தியது. எட்டு நாள் பிள்ளைக்கு அப்படி ஒரு சத்தம் எங்கேயிருந்து வந்ததோ! டெலிபோனுக்குள்ளிருந்து தமக்கை உரத்த குரலில், “ஹியாவ்!” என்றார். தொடர்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தார்.

“அக்கா என்ன சொல்லுறா?” என்று கேட்டேன்.

“காலமையில இருந்து உங்கட சத்தமே கேக்காததால, நாங்கள் சொன்ன ஆளை மாத்திப்போட்டியளோ எண்டு கேட்டுக்கொண்டிருந்தவ,” என்றார் தகப்பன், ஏணியிலிருந்து. “இப்பதான் சரியாம்.”

அவள் என் ஜக்கெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அன்ரி, நல்ல குணமுள்ள ஆக்கள் எங்கட சேர்ச்சில நிறையப்பேர் இருக்கினம். அவையைக் கேக்கத் தெரியாமலோ உங்களிட்ட வந்தனாங்கள்? என்னைப்போல எல்லாத்துக்கும் தாங்க் யூ சொல்லுற பிள்ளை எனக்கு வேண்டாம்.”

நான் மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தேன். இத்தனை வயதுக்கு என் வாயை மூடச் சொன்னவர்களைத்தான் கண்டிருக்கிறேன்; அதில் கொஞ்சம் தா என்று போத்தலோடு வந்தவர்களை அன்றுதான் கண்டேன். பிள்ளையை மறுபடி மண்ணில் கிடத்தினேன். தகரத்தில் தண்ணீர் விழுந்து, சடசடவென்று அதன்மேல் தெறித்தது. அது இன்னும் உரக்கக் கத்தியது. சோளத்தில் செய்த பானத்தை அதன் நாக்கில் தொட்டுவைத்து, தமக்கை சொன்ன பெயரைச் சொன்னோம். தாத்தா வழியும் பிறந்த வரிசையும் பார்த்து முன்பே நிச்சயமான பெயர்; எண்சாத்திரக்காரருக்கு அங்கே வேலை இல்லை. இந்த முறை என் கணவர் மிகச் சரியாக “ஹியாவ்” என்றார்.

சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வெளிக்கிட்டோம். தெருவைக் கடப்பதுதான் தூரம். என் கணவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். தெருவின் மறுகோடியில் ஒரு கார் திரும்புவது தெரிந்ததும் நின்று, அது வந்து சேரும்வரை பொறுத்திருந்து, கையைக் காட்டி வழிவிட்டார். அந்தக் காருக்கு அவர் வழி தேவைப்படவேயில்லை.

மகள் என்னோடு நின்றாள்.

“அம்மா, என்னை முதல்ல வெளியால தூக்கிக்கொண்டு வந்தது ஆர்?”

“அப்பாதான். எனக்கு ஒப்பரேசன். நான் வீல் செயாரில் வந்தனான்.”

அவள் தகப்பனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“யூ ஷுட் ஹவ் டன் இட், அம்மா,” என்றாள்.

மெல்லத்தான் சொன்னாள். அவள் எதையும் மெல்லத்தான் சொல்வாள்.