கோச்சுக்குச் சொல்லாத செய்தி

மோர்னிங்சைட் முதியோர் இல்லமொன்றில் பதினொரு வருடமாக வேலை செய்யும் யூஜினிக்கு, கேட்டதையே திரும்பக் கேட்பவர்களை நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கென்று தொடங்கிய கல்லூரியொன்றில் ஃபுட்போல் ஆடும் மகன் ஜூட்சன், அரையிறுதியில் தலையில் அடிபட்ட மறுநாள், ஒரே போன் பேச்சில் மூன்று தரம் கேட்டான்: “அம்மா, சாப்பிட்டீங்களோ?”

“நான் கோச்சுக்குச் சொல்லப்போறன்.”

“பிளீஸ் அம்மா, சொல்லாதேங்கோ. பைனலுக்கு என்னை வெளியில இருத்திப்போடுவார். நாலு வருஷம் இதுக்குத்தானே ஓடினனான்.”

அவள் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவர்கள் வென்றார்கள். கோப்பையைத் தூக்கியவர்களோடு அவனும் நின்றதை ரிவியில் பார்த்து அழுதாள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வர, போன் அடித்தது.

“அம்மா, பைனல் எப்ப? பார்ப்பீங்கள்தானே?”

யூஜினி, இல்லத்தில் சொல்வதுபோலவே மெதுவாகச் சொன்னாள்:

“நேற்று முடிஞ்சுது, ராசா. நீங்கள் வெண்டிட்டியள்.”