விடு என்று சொல்லும்வரை

இது எங்கள் வீட்டு ஷெட்டில் நடந்தது. ஜனவரி பதினெட்டு, சனிக்கிழமை. பட்டப்பகல், நாற்பத்தொரு டிகிரி வெயில்; இங்கே ஜனவரிதான் நடுக்கோடை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நேரங்களை அன்றே காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். அது இன்னும் சமையலறையில் தொங்குகிறது.

மூன்று பத்துக்கு நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் மெர்வ், பின்பக்க இடது சக்கரத்தருகே மல்லாந்து படுத்திருந்தார். பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை. இதற்கு இரண்டு பேர் வேண்டும். "அழுத்து" என்றால் நான் பெடலை அடிவரை மிதிக்க வேண்டும். அவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறப்பார். காற்றும் பிரேக் ஆயிலும் ரப்பர் குழாய் வழியாக ஜாடிக்குள் கொப்புளிக்கும். "பிடி" என்றால் மிதித்த கால் அசையக்கூடாது. திருகை மூடிவிட்டு "விடு" என்பார். அதற்கு முன்னால் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். செய்த வேலையெல்லாம் பாழ்.

"நான் விடுன்னு சொல்றவரைக்கும் காலை எடுத்துடாத க்ளெனிஸ்."

"வீடு தீப்பிடிச்சா?"

"தீயை நான் பாத்துக்கறேன். நீ காலைப் பாத்துக்க."

நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான்.

கார் 1938-ஆம் வருடத்து செவர்லே. முந்தைய ஆகஸ்டில், ஜெபரிட் ஊர்ப் பக்கத்துக் கோதுமைப் பண்ணை ஒன்றில் ஆல்வின் என்ற கிழவரிடம் வாங்கியது. அறுபது வருடமாக அவருடைய ஷெட்டை விட்டு நகராத கார். மேலே தூசி, உள்ளே எலிக்கூடு. சீட்டில் தோல் போய் ஸ்பிரிங்குகள் மட்டும் மிச்சம். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவை வேலிக்கம்பியால் பத்துச் சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மெர்வ் அந்தக் கம்பியைக் குறட்டால் வெட்டி எறிந்தார்.

எல்லாவற்றிலும் துரு. பிரேக் பெடல் மட்டும் தேய்த்து வைத்த கரண்டி மாதிரி மின்னியது.

"யாரோ தினம் வந்து மிதிச்ச மாதிரி இருக்கே மாப்ள," என்றான் நெவில். பழைய கார்ச் சங்கத்தில் மெர்வின் கூட்டாளி.

"எலிதான் மச்சி. லைசென்ஸுக்குப் பழகுது."

சிரித்தோம். அதற்குமேல் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மூன்று முப்பத்து நாலு. வீட்டுக்குள் போன் அடித்தது. எங்கள் மகள் ஜோசிக்குப் பெர்த்தில் அந்த வாரம்தான் பிரசவம். மெர்வ் அப்போதுதான் "பிடி" என்றிருந்தார். "போன் மெர்வ்! நான் போறேன்!" என்று கத்தினேன். ஷெட்டில் அவர் காது மெஷினைப் போடமாட்டார், வியர்வையில் கெட்டுப்போகும் என்று. மணி நிற்காமல் அடித்தது.

காலை எடுத்துவிட்டு ஓடினேன்.

பேசியது மருமகன். ஜோசிக்கு வலி வந்துவிட்டது. ஒன்பது நிமிடம் பேசினோம். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. ஷெட்டிலிருந்து மெர்வின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அழுத்து... பிடி... விடு."

"அழுத்து... பிடி... விடு."

நான் ஓடிவந்ததற்குக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

"அழுத்து... பிடி..."

அப்புறம் குரல் இல்லை.

மூன்று நாற்பத்து மூன்றுக்கு ஷெட்டுக்குத் திரும்பினேன். அவருடைய பூட்ஸ் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "தாத்தாவாகப் போற மெர்வ்," என்றேன். பூட்ஸ் அசையவில்லை. இதயம். ஒரு நொடிதான் ஆகியிருக்கும், வலித்திருக்காது என்றார் டாக்டர். அன்று இரவு எட்டு மணிக்குப் பேத்தி பிறந்தாள். இரண்டு செய்தியையும் ஒரே ஆட்களுக்குப் போன் செய்து சொன்னேன். எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. பிறப்புக்கு அப்புறம்தானே இறப்பு என்று, பிறந்ததை முதலில் சொன்னேன்.

அழுகை வரவில்லை. டீ போட்டால் இரண்டு கப் போட்டேன். ஒன்றைக் கொட்டினேன். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் அப்படியே போயின. ஒரே ஒரு விஷயம்தான் உள்ளே கிடந்து அறுத்தது. அவர் சொல்வதற்கு முன் நான் காலை எடுத்துவிட்டேன். ஆளில்லாத காரோடு பேசிக்கொண்டே தனியாகப் போய்விட்டார்.

மே மாதம் நெவில் வந்தான். பிரேக் வேலையை முடித்து, சங்கத்தின் ஊர்வலத்தில் காரை ஓட்டலாம் என்றான். சரி என்றேன். எதற்கும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"முக்கால் ஜாடி க்ளெனிஸ். ஒரு குமிழி இல்ல. நீ நல்லா மிதிச்சிருக்க."

"நான் கொஞ்ச நேரம்தான் மிதிச்சேன்."

"இவ்வளவு ஆயில் தானா வராது. யாராவது மிதிச்சாத்தான் வரும்."

நெவில் கார்க் கதவைத் திறந்து உள்ளே பார்த்தான்.

"பெடல் ஏன் கீழ நிக்குது?"

அடிவரை போய் நின்றிருந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஜனவரியில் நான் காலை எடுத்தபோதும் அது மேலே வரவில்லை. நெவில் இரண்டு கையாலும் இழுத்தான். நூறு கிலோ ஆள் அவன். ஒரு மயிரிழை அசையவில்லை. ஸ்பிரிங்கைப் பார்த்தான், நன்றாக இருந்தது. எதுவும் மாட்டியிருக்கவில்லை.

"ஏதோ மாயம்," என்று முனகிக்கொண்டு வண்டியிலிருந்து வேறு கருவி எடுக்கப் போனான்.

மணி மூன்று முப்பத்தொன்று.

மெர்வ் படுத்திருந்த இடத்தில் நான் படுத்தேன். சிமென்ட் தரை சில்லென்றிருந்தது. அவர் கடைசியாகப் பார்த்தது என்ன என்று பார்க்க நினைத்திருக்கலாம்.

மேலே சீட் ஸ்பிரிங் ஒன்று கிரீச்சிட்டது.

நெவில் என்று நினைத்தேன். வாசலைப் பார்த்தேன். அவன் தூரத்தில், தன் வண்டியின் பின்கதவருகே நின்றிருந்தான்.

பெடலுக்குப் பக்கத்தில் காரின் தரைப்பலகை ஒன்று மக்கிப்போய், மெர்வ் அதைப் பிடுங்கிவிட்டிருந்தார். கை நுழையும் இடைவெளி. தலையைத் திருப்பி அதன் வழியே பார்த்தேன்.

ஒரு ஷூ.

பெண்ணின் ஷூ. பழுப்பு நிறம், கயிறு கட்டியது. பெடலின் மேல் அழுத்தமாக...

அசையவில்லை.

இல்லை, அசைந்தது. கணுக்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் மிதித்துக் களைத்த கால் நடுங்குமே... அப்படி.

ஆனாலும் எடுக்கவில்லை.

என் வாய்க்குள் ஒரு சொல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெளியே ஊர்ந்து வந்தேன். எழுந்தேன். சீட்டைப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

ஸ்பிரிங்குகள் மட்டும் அமுங்கி இருந்தன.

ஊர்வலம் வேண்டாம் என்று நெவிலை அனுப்பிவிட்டேன். மறுநாள் ஆல்வினைப் பார்க்க ஜெபரிட் போனேன். காரை நிறுத்தக்கூட இல்லை, கிழவர் வெளியே வந்து கேட்டார்.

"கதவுக் கம்பியை வெட்டிட்டீங்களா?"

வெட்டிவிட்டோம் என்றேன். ஷூவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பிரேக் வேலையின்போது மெர்வ் இறந்ததை மட்டும் சொன்னேன். வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அண்ணன் லோதரும் அதே வேலைதான் செஞ்சான்மா. அம்பத்தொம்போதுல. எனக்கு அப்போ பதினாலு வயசு. கார் கட்டையிலேருந்து வழுக்கி அவன் மேல விழுந்துடுச்சு. அண்ணி ஹில்டா உள்ள இருந்தா. கல்யாணமாகி மூணு மாசம். பிடின்னு சொல்லியிருந்தான். அவ்ளோதான், பிடிச்சிக்கிட்டே உக்காந்துட்டா. சாயங்காலம் அப்பா வந்து பாத்தப்பவும் கால் பெடல்லதான். தூக்கித்தான் இறக்கினோம்."

"அப்புறம்?"

"தினம் போய் அதுல உக்காருவா. அப்பா கதவைக் கம்பி போட்டுக் கட்டினாரு. அவ அந்தப் பக்கமா ஏறி நகர்ந்து வந்தா. மூணு வருஷந்தான் உயிரோட இருந்தா. யாரோடயும் பேசல. வலது காலு மட்டும்..." உள்ளங்கையைத் தரையைப் பார்த்து நீட்டி, லேசாக ஆட்டிக் காட்டினார். "கடைசி வரைக்கும் இப்படி நடுங்கிக்கிட்டே இருந்துச்சு."

வீட்டுக்கு வந்தேன். டீ போட்டேன்.

மெர்வ் தனியாகப் போகவில்லை. அவருடைய கடைசிச் சொல்லை ஒருத்தி கேட்டிருக்கிறாள். நான் செய்யாததைச் செய்திருக்கிறாள். அதற்கு நன்றி சொல்வதா, பயப்படுவதா என்று இன்றுவரை தெரியவில்லை. ஷெட்டுக்குப் போய் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், அவள் காலை எடுத்துவிடுவாள் என்பதும் தெரியும். அது மெர்வ் சொல்ல வேண்டிய சொல். நான் சொன்னால், அவர் சொன்ன "பிடி" அதோடு முடிந்துவிடும்.

கதவை மறுபடி கம்பி போட்டுக் கட்டவில்லை. தரையில் அந்த ஜாடி அப்படியே இருக்கிறது.

இன்று காலை ஏழு இருபதுக்கும் போய்ப் பார்த்தேன். பெடல் கீழேதான் இருக்கிறது.