புழுவுக்கு ருஷ்யப் பெயர் தேடியவர்

சென்ற வாரம் காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது சாலமோன் சாரின் மகள் போன் செய்தாள். "அப்பா பூட்டாரு அத்தே" என்றாள். தொண்ணூறை நெருங்கிய மனிதர்தான். இருந்தாலும் எனக்கு அது அநியாயமாகவே பட்டது.

உங்களில் பலருக்கு அவர் சர்ச்சில் பைபிள் வாசித்தவர். டீக்கடையில் அடுத்தவர் கைப் பேப்பரைப் பிடுங்கிப் படித்தவர். எனக்கு அவர் அறுபதுகளில், உத்திரமேரூர்ப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில், உடன் வேலை பார்த்த ருஷ்ய மொழிபெயர்ப்பாளர். நான் அங்கே நர்ஸ். தண்ணீரால் வரும் நோய்களை ஆராய ருஷ்யாவிலிருந்து லிதியா என்ற டாக்டரம்மா வந்திருந்தார். அவருக்கும் நோயாளிக்கும் நடுவில் பேச ஆள் வேண்டுமே! மானாம்பதிக்காரர் ஒருவர் மெட்ராஸ் அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் ருஷ்யம் படித்தாராம் என்று கேள்விப்பட்டுச் சாரை அழைத்து வந்தார்கள். எதற்காகப் படித்தீர்கள் என்று கேட்டேன். "அந்த எழுத்தெல்லாம் இன்னா சொல்லுதுன்னு தெரியாம எப்படி சும்மா இருக்கிறது சிஸ்டர்?" என்றார்.

நமக்குக் கட்டி என்றால் கட்டிதான். அவருக்கு அது போதாது. சீழ் ஒரே பையில் தேங்கினால் ருஷ்யத்தில் ஒரு பெயர், சதைக்குள் பரவினால் வேறு பெயராம். நான் புண்ணுக்குக் கட்டுப் போடும்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார். "சீழு ஒரே எடத்துல நிக்குதா, பரவிக்கினு போவுதா சிஸ்டர்?" பேஜார் பண்ணாதீர்கள் சார் என்று எத்தனையோ முறை விரட்டியிருக்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

நரம்புச் சிலந்தி என்ற சொல்லிடம்தான் மாட்டிக்கொண்டார். படிக்கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு, மறு வருஷம் காலில் கொப்புளம் வெடித்து, வெள்ளை நூல்போல ஒரு புழு எட்டிப் பார்க்குமே, அதுதான். அவருடைய அகராதியில் அதற்குச் சொல்லே இல்லை. துடைப்பக்குச்சியில் தினமும் கொஞ்சமாகச் சுற்றி வெளியே எடுப்பதை விரல்களால் நடித்துக் காட்டினார். லிதியா அம்மா சிரித்துவிட்டு, "ரிஷ்தா" என்றார். அவர்கள் நாட்டில் புகாரா என்ற ஊரில் முன்பு இதே புழு இருந்ததாம், குளங்களைச் சரிசெய்து ஒழித்தார்களாம். சார் குதிக்காத குறை. "அங்கயும் இருந்துகீது சிஸ்டர்! அவங்களும் குச்சிலதான் சுத்துனாங்களாம்!" அன்று முழுக்க வந்தவர் போனவர் எல்லோரிடமும் இதே பேச்சுதான்.

கன்னியம்மாவைக் கொண்டு வந்தது அதற்குப் பிறகு. நடவுக் கூலிக்குப் போகிறவள். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது, உடம்பு அனலாய்க் கொதித்தது. கீறிச் சீழை எடுத்தோம். மறுபடியும் சீழ் பிடித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் லிதியா அம்மா. சார் அதைத் தமிழில் சொன்னார். "சரிங்க" என்றாள் கன்னியம்மா. ஸ்டெதஸ்கோப் மாட்டியவர் எதைச் சொன்னாலும் நம் பக்கத்தில் சரிங்கதானே!

அந்தச் சரிங்கவை மட்டும் சார் ருஷ்யத்தில் சொல்லவில்லை. கட்டில் அருகே உட்கார்ந்தார்.

"நான் இப்போ இன்னா சொன்னேன்? நீ சொல்லு."

"கால எடுக்கணும்னீங்க."

"இது எப்படி வந்துச்சும்மா?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு முனகினாள். "சிலந்தி வந்துச்சு சார். குச்சில சுத்திக்கினு குந்தினு இருந்தா கூலி போயிடும்னு வெடுக்குனு இழுத்துட்டேன். அறுந்து உள்ளயே பூட்ச்சி."

மேலே புண் ஆறிப்போயிருந்ததால் எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை. சார் அதை ருஷ்யத்தில் சொன்னார். லிதியா அம்மா உடனே கை கழுவப் போனார். மறுபடி கீறி, இம்முறை தேடிப் பார்த்து, உள்ளே செத்துக் கிடந்த புழுவைத் துண்டு துண்டாக எடுத்தோம். கால் தப்பியது. அடுத்த நடவுக்குக் கன்னியம்மா சேற்றில் இறங்கினாள்.

அவள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று லிதியா அம்மா கேட்டார். கன்னியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டே, கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னாள்: "யாரும் கேக்கலீங்களே."

சார் அதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே மொழிபெயர்த்தார்.

அதை ருஷ்யத்தில் எப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு அவரிடமே கேட்டுக் கற்றுக்கொண்டேன். "நிக்தோ நி ஸ்ப்ராஷிவல்." அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது இதுதான். எனக்குத் தெரிந்த ருஷ்யம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டுதான் ஓய்வு பெறும்வரை நர்ஸ் வேலை பார்த்தேன்.