மார்க் இல்லாத பரீட்சை

பரீட்சை எழுதுகிறவர்களுக்கு மணி அடித்ததும் விடுதலை. நடத்துகிறவர்களுக்கு அது கிடையாது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் என் சக பாவிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கீரமங்கலம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. பிளஸ் டூ பிள்ளைகள் கல்லூரிப் படிப்புக்குத் தயாரா என்று முன்கூட்டியே பார்க்கும் ஒரு தேர்வை எங்கள் பள்ளியில் வெள்ளோட்டம் விட்டார்கள். பொறுப்பு என் தலையில்.

எத்தனை மார்க்?

பாஸ், ஃபெயில் கிடையாது, ரேங்க் கிடையாது. வாசிப்பு, கணக்கு, சொந்தமாக எழுதுவது என ஒவ்வொன்றுக்கும் 'தயார்' அல்லது 'இன்னும் பயிற்சி தேவை' என்று மட்டும் வரும். இதற்கென்று படிக்கவும் வேண்டாம் என்று வகுப்பில் சொன்னேன். சந்தோஷப்படுவார்கள் என்று பார்த்தால், வகுப்பே மிரண்டுபோனது.

ஸ்டாஃப் ரூமில் வந்து புலம்பினேன். இயற்பியல் சார் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எலை போடாம பந்தியில உக்காரச் சொன்னா புள்ளைங்க பயப்படாதா டீச்சர்?"

கரண்ட் போனது

தேர்வு கம்ப்யூட்டரில். பாதியில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் போடச் சொல்ல நான் ஓடினேன். அறையில் கண்காணிக்க ஆள் இல்லை. திரும்பி வரும்போது சந்தைக்கடைச் சத்தத்தை எதிர்பார்த்தேன். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"யாருமே பேசிக்கலையா?" என்று கேட்டேன். வழக்கமாகப் பக்கத்து பேப்பரை எட்டிப் பார்க்கும் கார்த்திக் எழுந்தான்: "மார்க்கே இல்லையே டீச்சர், அப்புறம் எதுக்குப் பாத்து எழுதணும்?"

குவைத்திலிருந்து ஒரு கால்

முடிவு வந்தபோது, சுகந்தி என்ற மாணவிக்குக் கணக்கில் 'தயார்'. ஆங்கில வாசிப்பில் 'இன்னும் பயிற்சி தேவை'. அன்று சாயங்காலமே அவள் அப்பா குவைத்திலிருந்து வீடியோ காலில் வந்தார். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. "தயாராகலைன்னா காலேஜுல போய் என்ன செய்யும் டீச்சர்? எங்க மச்சான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காரு. அங்கிட்டே சேத்துவிட்டுறவா?"

பிள்ளைக்கு வழிகாட்டத்தான் தேர்வு. அதுவே வழியை அடைத்துவிடும்போல இருந்தது. "இப்பவே தெரிஞ்சது நல்லதுங்க. காலேஜுக்குப் போறதுக்குள்ள சரி பண்ணிரலாம். அதுவரைக்கும் ஒரு முடிவும் எடுக்காதீங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவர் சொன்னார்: "நீங்க பொறுப்பு எடுத்துக்கிட்டா நான் பொறுத்துக்கிறேன் டீச்சர்."

ஆலங்குடி பஸ்

அதன்பிறகு தினமும் காலையில் சிறப்பு வகுப்பு. பயிற்சி தேவைப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். மனப்பாடம் கிடையாது, ஒரு பத்தியை வாசித்து, என்ன சொல்கிறது என்று தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். முதல் வாரம் சுகந்தி வாயே திறக்கவில்லை. பிறகு பள்ளிக்கு வரும் ஆலங்குடி பஸ்ஸிலும் வாசிக்க ஆரம்பித்தாள். ஒட்டியிருக்கிற ஆங்கில விளம்பரத்தையெல்லாம் பக்கத்து சீட்டு அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவாளாம்.

ஒருநாள் அதே பஸ்ஸில் நான் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடியே சொன்னார்: "ஒங்க புள்ளைதானா டீச்சர் அது? டிக்கெட்டுக்குப் பின்னாடி இருக்கறதக்கூட விடமாட்டேங்குது!"

இரண்டாம் சுற்று

மறுதேர்வில் சுகந்திக்கு எல்லாவற்றிலும் 'தயார்'. அவள் அப்பா வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். பாதி அழுகை, பாதி பி.காம். சேர்க்கை எப்போது என்ற விசாரணை. திருப்பூர் பேச்சே இல்லை.

வெள்ளோட்டம் எப்படி நடந்தது என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். "இந்தத் தேர்வால உனக்கு என்னம்மா பிரயோஜனம்?" என்று சுகந்தியைக் கேட்டார். நான் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள்: "இதுவரைக்கும் எல்லாரும் எனக்கு இங்கிலீஷ் வராதுன்னுதான் சார் சொன்னாங்க; எது வரலைன்னு இதுதான் சொல்லுச்சு."

எங்கள் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குத் தயார். 'அடுத்த வருஷமும் நீங்கதான் டீச்சர்' என்று ஹெச்.எம். சொன்னபோது தயாராக இல்லாமல் விழித்தது நான் ஒருத்திதான்.